ஏழரைக் கிலோ இயந்திரமும் நாற்பது கிராம் உறையும்

"உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது" என்ற செய்தி வந்தபோது நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். தங்கைக்காக ஆர்டர் செய்த தையல் இயந்திரம் அன்று வர வேண்டும் என்பதால் காலையிலிருந்தே வெளியே எங்கும் போகவில்லை. வாசலுக்கு யாரும் வரவில்லை. பக்கத்து வீடுகளில் கேட்டேன், அங்கும் எதுவும் வரவில்லை. டிராக்கிங் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எங்கள் ஊரின் பெயர், அன்றைய தேதி, ஐந்து நிமிடங்களுக்கு முந்தைய நேரம், பக்கத்தில் பச்சை நிறக் குறி. ஆர்டர் செய்து அது பதினோராவது நாள். பணம் முழுமையாக என் கைக்குத் திரும்பியது 131ஆவது நாளில். இடையில் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது ஒரு வாரமாவது மிச்சமானால் போதும்.

முதல் தவறு என்னுடையது. விற்பனையாளருடன் பேசியே தீர்த்துவிடலாம் என்று நம்பி 27 நாட்களைக் கொடுத்தேன். முதல் பதிலில் "அண்டை வீட்டாரிடம் கேளுங்கள்" என்றார்கள். இரண்டாவது பதிலில், கூரியர் நிறுவனத்திடம் விசாரிக்கிறோம், பத்து நாட்கள் பொறுங்கள் என்றார்கள். பத்து நாட்கள் கழிந்ததும், சிரமத்துக்கு வருந்துவதாகச் சொல்லி 15 சதவீதத்தைத் திருப்பித் தருவதாக எழுதினார்கள். மறுத்தேன். நான்கு நாட்கள் கழித்து அது 30 சதவீதமானது, பிறகு 50. ஒவ்வொரு கடிதமும் மிகுந்த பணிவோடு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக மூன்று, நான்கு நாட்கள் இடைவெளி இருந்தது. 50 சதவீதம் என்ற கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வராத பொருளுக்குப் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒப்புதல் கொடுத்தால், மீதிப் பாதிக்கு வழக்கே இல்லாமல் போய்விடும். அந்தப் பணிவுக்குள் நாட்கள்தான் கரைந்துகொண்டிருந்தன.

கார்டு மூலம் செலுத்திய பணத்தை மீட்கும் வழிக்குச் சார்ஜ்பேக் என்று பெயர். நாம் செலுத்தும் பணம் நம் வங்கியிலிருந்து விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக விற்பனையாளரின் வங்கிக்குப் போய், அங்கிருந்து அவருக்குச் சேருகிறது. சார்ஜ்பேக் என்பது அதே பாதையில் அந்தப் பணத்தைப் பின்னோக்கி இழுப்பது. கிரெடிட் கார்டுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலான டெபிட் கார்டுகளுக்கும் இது பொருந்தும். பொருள் வந்து சேராத வழக்குகளுக்கு விசாவின் விதிப்படி, வர வேண்டிய கடைசி நாளிலிருந்தோ, வராது என்று நமக்குத் தெரிந்த நாளிலிருந்தோ 120 நாட்கள் கால வரம்பு உண்டு. பணம் செலுத்திய நாளிலிருந்து கணக்கிட்டால் எப்படியும் 540 நாட்களைத் தாண்டக் கூடாது. இது வங்கிகளுக்கு இடையிலான வரம்பு. நம்மிடமிருந்து புகாரைப் பெறுவதற்கு வங்கி அதைவிடக் குறுகிய நாட்களை வைத்திருக்கலாம் என்பதால், 120 என்ற எண்ணை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

நாட்டுக்கு நாடு சட்டப் பாதுகாப்பும் தனியாக உண்டு. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் கடன் கணக்குச் சட்டம், தவறு இடம்பெற்ற முதல் கார்டு கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்து வடிவில் முறையிடும் உரிமையைக் கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்குத் தருகிறது. அதே 1974இல் பிரிட்டன் இயற்றிய நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு, குறிப்பிட்ட விலை வரம்புக்குள் அமைந்த பொருட்களுக்கு விற்பனையாளரோடு சேர்த்துக் கடன் கொடுத்த நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்குகிறது. அந்தந்த நாட்டில் இருப்பவர்களுக்கு இவை சார்ஜ்பேக்கைவிட வலுவான ஆயுதங்கள். நான் பயன்படுத்தியது வலையமைப்பின் விதியை மட்டும்தான்.

38ஆவது நாள் வங்கியை அழைத்தேன். இணையக் கடையின் பெயரைச் சொன்னபோது அப்படி ஒரு பரிவர்த்தனையே இல்லை என்றார்கள். கார்டு அறிக்கையில் பதிவாகியிருந்தது முற்றிலும் வேறொரு பெயர். தேதியையும் தொகையையும் வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தோம். அடுத்து, பேசிய ஊழியர் உதவும் எண்ணத்தோடுதான் கேட்டார்: "இந்தப் பரிவர்த்தனையை நீங்கள் செய்யவில்லை என்று பதிவு செய்துகொள்ளட்டுமா, மேடம்? அது சீக்கிரம் முடியும்."

இந்த இடத்தில் ஆம் என்று சொல்லியிருந்தால் என் வழக்கு அங்கேயே செத்திருக்கும். கார்டைத் திருடி வேறு யாரோ பயன்படுத்தினால் அது மோசடிப் பரிவர்த்தனை. நான்தான் ஆர்டர் செய்தேன், ஓடிபியைப் பதிந்ததும் நான்தான். ஒரு மாதமாக விற்பனையாளருக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தவளும் நான்தான். அவர்கள் அந்த மின்னஞ்சல்களை எடுத்துக் காட்டினாலே என் புகார் பொய்யாகிவிடும். பொய்யாகவே இருந்திருக்கும். "பணம் செலுத்தியது நான், பொருள் வந்து சேரவில்லை, அந்தப் பிரிவில் பதியுங்கள்" என்றேன். விசாவில் இதற்கு 13.1 என்று எண். வந்த பொருள் சொன்னபடி இல்லையென்றால் 13.3, போலிப் பொருள் என்றால் 13.4. எண்களை நாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நம் குறை எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்பதில் உறுதியாக இருந்தால் போதும். ஓடிபி கொடுத்துவிட்டோம், இனி எதுவும் செய்ய முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். "நான் செலுத்தவில்லை" என்ற வகைப் புகாரைத்தான் ஓடிபி பலவீனப்படுத்தும். "செலுத்தினேன், பொருள் தரவில்லை" என்ற புகாருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

படிவத்தோடு ஒரு பக்கத்தில் நாள்வரிசை எழுதி இணைத்தேன். என்றைக்கு ஆர்டர் செய்தேன், எந்தத் தேதிக்குள் தருவதாகச் சொன்னார்கள், யார் எப்போது என்ன எழுதினார்கள் என்று வரிக்கு ஒரு செய்தி. கோபத்தைக் காட்டும் ஒரு சொல்லைக்கூட அதில் வைக்கவில்லை. முதல் வரைவு நான்கு பக்கம் வந்தது, அதில் மூன்று பக்கம் என் வேதனை. அதைப் படிக்கப் போகிறவருக்கு ஒரு நாளில் எத்தனை வழக்குகளோ! அவருக்கு வேண்டியது தேதியும் ஆதாரமும்தான் என்று தங்கைதான் சொல்லி வெட்ட வைத்தாள்.

52ஆவது நாள் பணம் கணக்கில் வந்தது. தங்கை துள்ளினாள். அது தற்காலிக வரவு என்று வங்கியின் செய்தியிலேயே இருந்தது. விற்பனையாளருக்குப் பதில் சொல்லும் உரிமை உண்டு, அவர் பதில் ஏற்கப்பட்டால் வரவு வைத்த தொகையை மறுபடி எடுத்துக்கொள்வார்கள். "வேறு இயந்திரம் வாங்கிவிடலாமா, அக்கா?" என்று அவள் கேட்டபோது, வேண்டாம், பொறு என்று சொல்ல மனம் கஷ்டப்பட்டது. ஆனால் அதைத் தொடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

83ஆவது நாள் வங்கியிடமிருந்து கடிதம். பொருளை ஒப்படைத்ததற்கான ஆதாரத்தை விற்பனையாளர் சமர்ப்பித்திருக்கிறார், பத்து நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் தற்காலிக வரவு திரும்பப் பெறப்படும் என்றது. ஆதாரம் வேறெதுவும் இல்லை, நான் பதினோராவது நாள் பார்த்த அதே டிராக்கிங் பக்கம்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பச்சைக் குறி போட்ட ஒரு பக்கத்துக்கு எதிராக, "வரவில்லை" என்ற வெறும் சொல்லை வைத்து நான் எப்படி நிற்பது?

அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. அதில் ஊரின் பெயர் இருக்கிறது, தெருவும் வீட்டு எண்ணும் இல்லை. இப்படி ஒரு ஏமாற்று முறையே உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். விற்பனையாளர் அதே ஊரில் உள்ள வேறு யாருடைய முகவரிக்கோ ஒரு காகித உறையை அனுப்புவார். அது உண்மையாகவே ஒப்படைக்கப்படும், டிராக்கிங் எண்ணும் உண்மையானது. ஆனால் அந்தப் பார்சல் நம்முடையது அல்ல. பொதுவில் தெரியும் பக்கம் ஊரை மட்டும் காட்டுவதால், அதைப் பார்க்கும் வங்கிக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

கூரியர் நிறுவனத்தை அழைத்து அந்தப் பார்சல் எந்த முகவரிக்குப் போனது என்று கேட்டேன். அனுப்பியவருக்கு மட்டுமே அந்த விவரத்தைத் தருவோம் என்று மறுத்துவிட்டார்கள். யோசித்தால் அது நியாயம். முன்பின் தெரியாத ஒருவருடைய முகவரியை எனக்கு ஏன் தர வேண்டும்? இரண்டு முறை மறுப்பு வாங்கிய பிறகு கேள்வியை மாற்றினேன். "யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டாம். இந்த எண்ணுக்குரிய பார்சல் என் முகவரிக்கு வந்ததா, இல்லையா? உங்களிடம் பதிவான எடை எவ்வளவு? இந்த இரண்டை மட்டும் எழுத்தில் தாருங்கள்." மறுமுனையில் இருந்த பெண்மணி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அதைத் தரலாம் என்றார். 88ஆவது நாள் இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. குறிப்பிட்ட பார்சல் நான் தந்த முகவரிக்கு அனுப்பப்பட்டதல்ல. பதிவான எடை 0.04 கிலோ.

நாற்பது கிராம். அந்த இயந்திரத்தின் எடை ஏழரைக் கிலோ. விற்பனையாளரின் பக்கத்தில் இருந்த எடை விவரத்தை வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காமல் போனேன், அதற்குள் அந்தப் பக்கத்தையே நீக்கியிருந்தார்கள். ஆனால் உற்பத்தியாளர் வெளியிட்ட கையேட்டில் எடை அச்சாகி இருந்தது. அந்தப் பக்கத்தையும் கூரியரின் மின்னஞ்சலையும் இணைத்து வங்கிக்கு நான்கு வாக்கியங்களில் மறுப்பு எழுதினேன். இரண்டு ஆதாரங்களும் எனக்கோ விற்பனையாளருக்கோ சம்பந்தமில்லாத மூன்றாவது தரப்பிலிருந்து வந்தவை. அதுதான் அவற்றின் பலம்.

94ஆவது நாள் விற்பனையாளர் திடீரென எழுதினார். முழுத் தொகையையும் திருப்பி அனுப்பிவிட்டோம், தயவுசெய்து வங்கியில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். உடன் வேலை பார்க்கும் ஒருவருக்கு நடந்தது அப்போது நினைவுக்கு வந்தது. அவர் பேபால் என்ற இணையவழிப் பணச் சேவை மூலம் செலுத்தியவர். அங்கே முறையிட 180 நாட்கள் அவகாசம் உண்டு. முறையீட்டைத் தொடங்கிய பின் 20 நாட்களுக்குள் அதைப் பேபாலே முடிவு சொல்லும் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் அது தானாகவே மூடப்படும். பணம் அனுப்பிவிட்டோம் என்ற சொல்லை நம்பி அவரே அதை மூடினார். மூடிய வழக்கை மறுபடி திறக்க முடியாது என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

நான் ஒரே வரியில் பதில் எழுதினேன்: "திருப்பி அனுப்பியதற்கான ஏஆர்என் எண்ணைத் தாருங்கள்." கார்டுக்குத் திரும்பும் தொகைக்கு விற்பனையாளரின் வங்கி 23 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைத் தரும். அதை நம் வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்ல முடியும். ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம், வங்கிதான் தாமதிக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டிய எண் இதுதான். எனக்கு எண்ணும் வரவில்லை, அதன் பிறகு கடிதமும் வரவில்லை.

அதன் பின் நான் செய்ய எதுவும் இருக்கவில்லை. காத்திருந்தேன். 131ஆவது நாள், விற்பனையாளர் தரப்பு மேற்கொண்டு வாதிடவில்லை, வரவு வைத்த தொகை நிரந்தரமாக்கப்படுகிறது என்று வங்கி எழுதியது. கூரியர் அலுவலகத்தின் அந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்லி அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

ஒன்றை மட்டும் நினைத்தால் இன்றும் உடல் சில்லிடுகிறது. ஆர்டர் செய்த அன்று, பணம் செலுத்தும் பக்கத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கார்டு. மற்றது நேரடி வங்கிப் பரிமாற்றம், அதற்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. பத்து சதவீதம் மிச்சமாகிறதே என்று வங்கிப் பரிமாற்றத்தைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தேன். கணக்கு எண்ணைத் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டுத்தான் கார்டுக்கு மாறினேன், வேறு காரணம் எதுவும் இல்லை. வங்கிப் பரிமாற்றத்துக்குச் சார்ஜ்பேக் கிடையாது. பேபாலில் நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் என்ற வகையில் அனுப்பும் பணத்துக்கும் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. அப்படிச் செலுத்தியிருந்தால், மேலே எழுதிய 131 நாட்களில் ஒரு நாள்கூட எனக்குக் கிடைத்திருக்காது.

இரண்டாவது இயந்திரத்தை வேறு கடையில் கார்டு மூலமே வாங்கினோம். வாங்கும்போதே பொருளின் பக்கத்தையும், ஒப்படைக்கும் தேதியையும், திருப்பியனுப்பும் விதிகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். பெட்டி வந்தபோது தங்கை கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். "கொஞ்சம் பொறு" என்று சொல்லி முதலில் மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படம் பிடித்தேன். முகவரி எங்களுடையது. எடை 9.2 கிலோ.