மேனேஜர் என்ன சாப்பிடுகிறார்?

எங்கள் வீட்டு ஹாம்ஸ்டருக்கு, அதாவது கூண்டில் வளர்க்கும் எலி மாதிரிச் சின்னப் பிராணிக்கு, பெயர் மேனேஜர். பகல் முழுக்கத் தூக்கம், எழுப்பினால் எரிந்து விழுவது, எல்லோரும் படுத்த பிறகு தடதடவென்று சக்கரத்தில் ஓடி இந்த வீட்டிலேயே தான் ஒருவர்தான் உழைப்பதாகக் காட்டிக்கொள்வது, இதையெல்லாம் பார்த்து என் மகள் வைத்த பெயர். சிரியன் வகை, எடை 130 கிராம் சொச்சம். இந்த 130 கிராம் ஆசாமி எதைச் சாப்பிட வேண்டும் என்பதில் என் மனைவிக்கும் என் தம்பிக்கும் நடந்த யுத்தத்தைத்தான் எழுதப் போகிறேன். நான் எந்தக் கட்சியும் இல்லை, கூண்டு கழுவும் துறை மட்டும் என் கையில்.

மனைவி வீட்டுக் கலவைக் கட்சி. "பாக்கெட்டுல என்னத்த அள்ளிப் போடுறாங்கன்னு யார் கண்டா" என்பது அவள் கொள்கை. தம்பி, கடையில் விற்கும் ஹாம்ஸ்டர் உணவுப் பாக்கெட் கட்சி. எதை வாங்கினாலும் முதலில் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கிற ஆள் அவன்.

"அண்ணி, இதுல புரோட்டீன் 17 சதவீதம், கொழுப்பு 6, நார்ச்சத்து 10. ஹாம்ஸ்டருக்கு வேண்டியது கிட்டத்தட்ட இதுதான். நீங்க கண்ணளவுல போட்டா இது வருமா?"

"இந்த வீட்டுல உங்களுக்கும் கண்ணளவுலதான் போடுறேன் தம்பி. நல்லாத்தானே இருக்கீங்க?"

தம்பி தன் வயிற்றை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டான். ஆனாலும் பாக்கெட்டைப் பிரித்தாயிற்று, மேனேஜருக்கு வைத்தாயிற்று.

அந்தப் பாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியே ஸ்ட்ராபெர்ரி, கேரட், நடுவில் சிரித்துக்கொண்டிருக்கும் ஹாம்ஸ்டர். உள்ளே கோதுமை, மக்காச்சோளம், பச்சையாகக் குச்சி குச்சியாக ஒன்று, இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் பிஸ்கட் துண்டுகள், அப்புறம் சூரியகாந்தி விதை. எது எடையில் அதிகமோ அதைத்தான் பின்பக்கத்தில் முதலில் எழுதுவார்கள் என்பதால், முதல் வரியைப் படித்தாலே பாக்கெட்டின் ஜாதகம் தெரிந்துவிடும். எங்கள் பாக்கெட்டில் முதல் வரி "தானியங்கள்" என்ற ஒற்றைச் சொல், ஸ்ட்ராபெர்ரி எங்கோ கடைசியில், அதுவும் சுவையூட்டியாக. பச்சைக் குச்சி அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிர். முயலும் கினிப்பன்றியும் ஆசையாகத் தின்னும். இளஞ்சிவப்பு பிஸ்கட்தான் எனக்குப் பெரிய புதிர். ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை மட்டம், நிறம் பிரித்துப் பார்ப்பது அதைவிட மட்டம், மோப்பத்தை வைத்துத்தான் பிழைப்பு நடக்கிறது. அப்படியானால் அந்தச் சாயம் யாருக்கு? வாங்குகிற நமக்குத்தான், வேறு யாருக்கு.

முதல் நாள் இரவு வைத்த கிண்ணம் காலையில் துடைத்துவிட்டதுபோல் காலி. "பாத்தீங்களா அண்ணி, ஒரு பருக்கை மீதியில்ல!" என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம். தினமும் இதே கதைதான். கிண்ணம் காலியாகும், தம்பி நிரப்புவான்.

அப்புறம் நான் கூண்டைச் சுத்தம் செய்தேன்.

ஹாம்ஸ்டரின் கன்னப் பைகள் தோள் வரைக்கும் நீளும். கிண்ணத்தில் இருப்பதை ஒரே நடையில் வாய்க்குள் திணித்துக்கொண்டு போய்க் கொட்டி வைத்துவிட்டு, வேண்டியபோது எடுத்துச் சாப்பிடும். ஆகவே கிண்ணம் காலி என்றால் சாப்பாடு இடம் மாறியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். மேனேஜரின் மர வீட்டைத் தூக்கினால் கீழே ஒரு கிடங்கே இருந்தது. கோதுமை அப்படியே. மக்காச்சோளம் அப்படியே. பிஸ்கட்டுகள் ஓரத்தில் லேசாகக் கடிபட்டு, பிடிக்காமல் விட்ட நிலையில். அல்ஃபால்ஃபாவுக்குக் கிடங்கிலேயே இடம் கிடைக்கவில்லை, அதைச் சிறுநீர் கழிக்கும் மூலையில் குவித்து வைத்திருந்தார். சூரியகாந்தியில் மட்டும் வெறும் தோல்தான் மிச்சம்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் பரப்பி இரண்டு கட்சிகளுக்கும் காட்டினேன். தம்பி படித்துக் காட்டிய 17, 6, 10 எல்லாம் பாக்கெட்டை முழுசாகச் சாப்பிட்டால் கிடைக்கிற சராசரி. மேனேஜர் சாப்பிட்டதோ சூரியகாந்திப் பருப்பு, அதில் பாதிக்குப் பாதி கொழுப்பு. தின்கிறவன் பொறுக்கித் தின்ன மாட்டான் என்ற நம்பிக்கையில்தான் அந்த எண்களை அச்சடித்திருக்கிறார்கள். மேனேஜர் அந்த மாதிரி நம்பிக்கைக்கெல்லாம் கட்டுப்படுகிறவர் இல்லை.

மனைவி அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஓட்ஸ், பார்லி, தினை, எள், ஆளி விதை, பூசணி விதை என்று மேஜை முழுக்கக் கிண்ணங்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைக்குப் போடுவதுபோல் போட வேண்டும் என்று உலர்திராட்சை, பாதாம், ஒரு பிடி ராஜ்மா எல்லாம் சேர்க்கப் போனதும் தம்பி எழுந்து வந்தான். பச்சை ராஜ்மா விஷம், வேகாத ராஜ்மா மனுஷனுக்கே ஆகாது, 130 கிராம் உடம்பு தாங்குமா? அது வெளியே போனது. கசப்புப் பாதாமில் சயனைடு உண்டாகும் சமாச்சாரம் இருக்கிறது. இவை இனிப்புப் பாதாம்தான் என்றாலும் எதற்கு வம்பு என்று அதுவும் போனது. உலர்திராட்சை கன்னப் பையில் ஒட்டிக்கொள்ளும், போதாததற்குச் சர்க்கரை. சின்னஞ்சிறு டுவார்ஃப் வகை ஹாம்ஸ்டர்களில், முக்கியமாகக் கேம்ப்பெல் வகைக்கு, சர்க்கரை நோய் வரும் சுபாவமே உண்டு. தேன் பூசிய குச்சி, பழம் எல்லாம் அவற்றுக்குக் கூடவே கூடாது. நம்முடையது சிரியன்தானே என்று மனைவி வாதாடிப் பார்த்தாள். தம்பி அசையவில்லை. வெங்காயம், பூண்டு, சாக்லேட், ஆரஞ்சு வகையறா வேண்டாம் என்பதை யாரும் கேட்காமலேயே சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

பிறகு சாப்பாட்டு மேஜையில், எல்லோர் தட்டிலும் சோறு இருக்கும்போது, ஒரு கதை சொன்னான். உண்மைக் கதைதான். பிரான்சில் மக்காச்சோள வயல்களில் வாழும் காட்டு ஹாம்ஸ்டர்கள் குறைந்துகொண்டே போவது ஏன் என்று ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்கள் பார்த்து 2017இல் எழுதினார்கள். மக்காச்சோளத்தையே முக்கிய உணவாகத் தின்ற தாய்கள், பிறந்த குட்டிகளைத் தாங்களே தின்றுவிட்டன. காரணம் பி3 வைட்டமின் குறைவு. அதைச் சேர்த்துக் கொடுத்ததும் தாய்கள் ஒழுங்காகக் குட்டி வளர்த்தன. வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு என்பதற்காகச் சொல்கிறேன் அண்ணி என்று முடித்தான்.

மனைவி நிதானமாகக் கேட்டுவிட்டு, "நம்ம மேனேஜர் ஆம்பளை, ஒண்டிக்கட்டை, குட்டியே கிடையாது. யாரத் திம்பார்?" என்றாள். என் மகள் அன்று தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆனால் தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது. விதையும் தானியமும் மட்டும் போட்டால் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. ஏ, டி வைட்டமின்கள் சரியாகக் கிடைக்காது. பார்வைக்கு எத்தனை வகை இருந்தாலும் இந்தப் பள்ளம் அடைபடாது. அதற்காகத்தான் எல்லாச் சத்தையும் சேர்த்து அரைத்து ஒரே மாதிரி உருட்டிய பெல்லட் இருக்கிறது, பொறுக்கவே வழியில்லை, தின்றால் முழுசாகத் தின்றாக வேண்டும் என்று சொல்லி அதையும் வாங்கி வந்தான். மேனேஜர் ஒவ்வொன்றாக எடுத்தார், ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அதே சிறுநீர் மூலையில் அடுக்கினார்.

இதற்கிடையில் வீட்டுக் கலவைக்கும் கணக்குப் பார்க்கும் நாள் வந்தது. மர வீட்டைத் தூக்கினேன். பூசணித் தோல், சூரியகாந்தித் தோல் (தம்பி அசந்த நேரத்தில் மனைவி ஒரு பிடி சேர்த்திருக்கிறாள்), தினை உமி. பார்லி முழுசாக. ஆளி விதை சிந்தியபடியே. ஆக, அண்ணி கலந்தாலும் கம்பெனி கலந்தாலும் ஐயா சாப்பிடுவது ஒரே மெனுதான். அன்று இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் பேசாமல் இருந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

மருந்து என்னவோ ரொம்பச் சாதாரணம். கிண்ணத்தை நிரப்புவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். சிரியனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் போதும், அதை அளந்து போட வேண்டும், பிடித்ததைத் தின்றுவிட்டு மீதியைக் கிடங்கில் போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி தீரும்வரை அடுத்த பங்கு கிடையாது. கிண்ணத்தையே எடுத்துவிட்டு மரத்தூளில் தூவிவிடுகிறோம், ராத்திரி முழுக்கத் தேடிப் பொறுக்குகிறார். அடிப்படையாகச் சாயமும் சர்க்கரையும் இல்லாத ஒரு பாக்கெட், அதன்மேல் மனைவியின் கலவை கொஞ்சம், நடுவில் பெல்லட் சில. எதையும் திடீரென்று மாற்றாமல் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம், வயிறு கெடாமல் இருந்தது. வெள்ளரி, புரோக்கோலி எப்போதாவது நகத்தளவு. கிடங்கில் ஈரமானதை மட்டும் எடுத்துவிட்டு உலர்ந்ததை விட்டுவிடுகிறேன், மொத்தமாகக் காலி செய்தால் பாவம், பதறிப்போய்விடுகிறார். இப்போது கோதுமையும் தீர்கிறது, பெல்லட்டும் மூலைக்குப் போவதில்லை. இரண்டு பேருமே தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லி வருகிறார்கள்.

மனைவி கலக்கி வைத்த அளவுதான் பிரச்சினை. 3 கிலோ. ஒரு நாளைக்கு 10 கிராம் என்றால் 300 நாள், அதுவும் வேறு எதுவுமே போடாமல். மேனேஜர் வகையறாவின் ஆயுளே 2, 3 வருஷம்தான். எண்ணெய் வித்துகள் அதற்குள் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். அதற்கும் முன்னால் டப்பாவிலிருந்து சின்னச் சின்ன அந்துப்பூச்சிகள் கிளம்பிச் சமையலறையில் பறக்க ஆரம்பித்தன. இப்போது கலவை ஒரு மாதத்துக்கு மேல் கலப்பதில்லை, மீதித் தானியம் ஃப்ரீசரில் இருக்கிறது, ஐஸ்கிரீமுக்கு இடமில்லை என்று மகள் தனிக் கட்சி தொடங்கியிருக்கிறாள்.

கடைசியாகப் புழு. ஹாம்ஸ்டர் சுத்த சைவம் இல்லை, காட்டில் பூச்சியையும் பிடித்துத் தின்னும், அதனால் அவித்த முட்டையில் ஒரு துணுக்கோ காய்ந்த மீல்வார்மோ அவ்வப்போது கொடுப்பது நல்லது. முட்டைக்கு மனைவி ஒத்துக்கொண்டாள். மீல்வார்ம் பாட்டில் மட்டும் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. யோசனை சொன்ன தம்பியின் அறையில் வைக்கலாம் என்றால், அவனுக்கு அதைப் பார்த்தாலே குமட்டுகிறதாம். எனவே பாட்டில் என் மேஜை டிராயரில், யாரும் திறக்காமலிருக்க "பில்கள்" என்று ஒட்டி வைத்திருக்கிறேன். டிராயர் சத்தம் கேட்டாலே மேனேஜர் சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கம்பியருகே வந்து நின்றுகொள்கிறார். நான் நிஜமாகவே பில் எடுக்கத் திறந்தாலும் ஒரு புழு கொடுக்காமல் மூட முடிவதில்லை.