போடிமெட்டில் ஏறி, கம்பம்மெட்டில் இறங்கி: ஒரு சைக்கிள் சுற்று, இரண்டு முயற்சிகள்

தேனியில் இருந்து இடுக்கிப் பக்கம் ஏற மூன்று முக்கியமான மலைப்பாதைகள் இருக்கின்றன: போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. இதில் முதல் இரண்டையும் ஒரே நாளில் ஒரு சுற்றாக ரோடு பைக்கில் முடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முதல் முறை கம்பத்தில் ஏறிப் போடியில் இறங்கினேன். சுற்று முடிந்தது, ஆனால் கடைசி ஒரு மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து அதே சாலையில் எதிர்த்திசையில் போனேன். அன்று பகல் மூன்று மணிக்கு முன்னால் கம்பத்தில் உட்கார்ந்து பன்னீர் திராட்சை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உடம்பு அதே உடம்புதான், நேரத்தைக் கணக்குப் போட்ட விதம்தான் வேறு.

முதல் முயற்சி நவம்பர் முதல் வாரம். கம்பத்தில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். கம்பம்மெட்டு மலைப்பாதை சுமார் 13 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். சராசரிச் சரிவு 5 சதவிகிதத்தை ஒட்டியே இருக்கும். காகிதத்தில் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாக மேலே போகின்றன. கம்பம், போடி, கூடலூர், தேவாரம் என்று சுற்றுவட்டார ஊர்களில் இருந்து தினமும் விடிந்ததும் மலையேறி, சாயங்காலம் இறங்கும் தொழிலாளர்கள் அவர்கள். ஒரு ஜீப்புக்குள் எத்தனை பேர் என்று எண்ண முடியாது. மடியில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு. அவர்களுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், எனக்கு மூச்சு வாங்க வேண்டும், சாலையோ ஒன்றுதான். ஏழாவது வளைவில் ஒரு ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா, "ஓரமாப் போப்பா, பின்னாடி இன்னும் நாலு வண்டி வருது" என்று கத்திவிட்டுப் போனார். அந்த எச்சரிக்கை இல்லாவிட்டால் அடுத்த வளைவில் மாட்டியிருப்பேன்.

வளைவுகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொண்டை ஊசி வளைவில் ஏறுவதே தனி வித்தை. வளைவின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டை. நம் ஊரில் இடதுபக்கம் ஓட்டுவதால், வலதுபக்கம் திரும்பும் வளைவில் நாம் இயல்பாகவே வெளிப்பக்கத்தில் இருப்போம். அங்கே காலுக்கு ஒரு பத்து விநாடி ஓய்வு கிடைக்கும். இடதுபக்கம் திரும்பும் வளைவில் உள்பக்கம் மாட்டிக்கொள்வோம். சரிவு திடீரென்று ஏறும், அதோடு பின்னால் வரும் பஸ்ஸோ லாரியோ திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராமல் இன்னும் உள்ளே வெட்டி வரும். நாம் நிற்கும் இடம் அதுதான். பின்னால் கனரக வண்டி வருகிற சத்தம் கேட்டால் இடது வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று, அது போன பிறகு ஏறுவதை விட வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நின்றால் மறுபடி ஏறி மிதிப்பது கஷ்டம், உண்மைதான். இருந்தாலும் நிற்க வேண்டும்.

அன்று என் சைக்கிளில் முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள், பின்னால் 11 முதல் 28 பற்கள் வரை உள்ள கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு. சமவெளியில் பழகிய கால் அது போதும் என்று நினைத்தது. 34க்கு 28 என்றால், சரிவு 9 சதவிகிதத்தைத் தொடும் இடங்களில் பெடல் சுற்றுவது நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் கீழே போய்விடுகிறது. முழங்கால் அப்போதே முணுமுணுக்கத் தொடங்கியது.

மெட்டுக்கு வந்துவிட்டால் மலை முடிந்தது என்று நினைத்தது அடுத்த தப்பு. 'மெட்டு' என்பது நாம் ஏறி வரும் விளிம்புதான். அதற்கு மேல் கூட்டாறு, தூக்குப்பாலம், நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை என்று போகிற சாலையில் தட்டையான ஒரு கிலோமீட்டர் கிடைப்பது அபூர்வம். இறங்கும், ஒரு பாலம் வரும், உடனே ஏறும். ஏலத் தோட்டங்களுக்கு நிழல் தருகிற பெரிய மரங்கள் இருபக்கமும் நிற்பதால் வெயில் தெரியாது, அதனால் தண்ணீர் குடிக்கவும் தோன்றாது. அந்தப் பக்கம் இரண்டு கடை, ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிற முக்குக்கும் 'சிட்டி' என்று பெயர். ராமக்கல்மேடு பக்கம் பாலன்பிள்ளை சிட்டி என்று பலகை பார்த்து ஊர் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அப்படியொரு சிட்டியில் குடித்த கட்டன் சாயாவும் ஆவி பறக்கும் பழம்பொரியும்தான் அன்று என்னை உடும்பன்சோலை வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. கடைக்காரர் தமிழிலேயே பேசினார். எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது, பேச்சில் இல்லை.

நெடுங்கண்டம் தாண்டி ஒரு பஞ்சர், அப்புறம் மழை. போடிமெட்டுக்கு வந்தபோது மாலை 4.40. கீழே இருந்து மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறிக்கொண்டிருந்தது.

போடிமெட்டு இறக்கம் 17 கொண்டை ஊசி வளைவுகள். மலையடிவாரத்தில் இருக்கும் முந்தல் வரை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் கரைகிறது. காலையில் இந்தப் பக்கம் ஏறியிருந்த தோட்ட ஜீப்புகள் இப்போது என்னோடு இறங்கின. மலை நமக்கு மேற்கே இருப்பதால் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே அந்தச் சரிவு முழுக்க நிழலுக்குள் போய்விடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஈரச் சாலை, சக்கரத்தின் விளிம்பையே கட்டைகள் அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக். பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன். புலியூத்துக்குச் சற்று மேலே விரல்கள் மரத்துப்போய், பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி முன்சக்கரத்தின் ரிம்மை விரலால் தொட்டேன். அத்தனை ஈரத்திலும் சுட்டது. விடாமல் பிரேக் பிடித்தால் அந்தச் சூடு ட்யூபுக்குப் போய் அது வெடிக்கவும் செய்யும். பதினைந்து நிமிடம் அங்கேயே நின்றேன். முன்விளக்கும் பின்விளக்கும் இருந்ததால்தான் முந்தல் வந்து சேர்ந்தேன்.

முந்தலில் டீ குடிக்கும்போது பக்கத்தில் இருந்த ஜீப் டிரைவர் ஒருவர்தான் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். "தம்பி, காலைல ஏழரைக்குள்ள எங்க வண்டியெல்லாம் ஏறிரும். மூணு மணிக்கு மேலதான் இறங்க ஆரம்பிப்போம். நடுவுல ரோடு உங்களுக்குத்தான்." அந்த ஏழரை மணி நேரத்தைச் சுற்றித்தான் இரண்டாவது முயற்சியைக் கட்டினேன்.

மாதத்தையும் யோசித்தேன். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்தை நனைக்கும், கம்பம் பள்ளத்தாக்கில் காற்று ஆளைத் தள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நம் பக்கச் சரிவில் கொட்டும், மண்சரிவில் பாதை அடைபடும். நவம்பர் நடுவில் இருந்து ஜனவரி நடுவரை சபரிமலை சீசன். நெரிசல் கூடும் நாட்களில் மலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்புகிறவற்றைக் குமுளி வழியாக இறக்குவார்கள். அந்த நாட்களில் கம்பம்மெட்டில் எதிரே இறங்கி வருவது சைக்கிளுக்கு ஆகாது. எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். மார்ச்சில் காட்டுத் தீக்காலம் தொடங்கிவிடும். முந்தலில் இருந்து குரங்கணிக்குப் பிரியும் சாலையைப் பார்க்கும்போதெல்லாம் 2018 மார்ச்சில் அங்கே மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்தது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கேசட்டை 11-34க்கு மாற்றினேன். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பழைய டீரெய்லியர் அவ்வளவு பெரிய பல்சக்கரத்துக்கு எட்டாது என்பதால் அதையும் நீளமான கேஜ் உள்ளதாக மாற்ற வேண்டியிருந்தது. பிரேக் கட்டைகள் புதிது. செலவில் இதைவிட உருப்படியானது எதுவும் இல்லை.

ஜனவரி கடைசி வாரம், கிளம்புவதற்கு முந்தின நாளே மதுரையில் இருந்து ரயிலில் போடி வந்துவிட்டேன். 2023 ஜூனில் போடி வரை அகலப்பாதை ரயில் திரும்ப வந்தது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. சக்கரங்களைக் கழற்றிப் பையில் போட்டால் மூலையில் அடங்கிவிடும்.

காலை 7.40க்கு முந்தலைத் தாண்டினேன். ஜீப்புகள் போய் முடிந்திருந்தன. சரிவு கிழக்கு பார்த்தது, அதனால் ஏற்றம் முழுவதும் வெயில் படும். கோடையில் இந்த நேரத்துக்கு ஏறவே கூடாது, ஜனவரியில் அது இதமாக இருந்தது. சிறிய கியரில் போட்டு, மூக்கால் மூச்சு விடும் வேகத்திலேயே மிதித்தேன். ஒவ்வொரு வளைவிலும் கீழே போடியின் கட்டடங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்தில் மெட்டு. அந்த ஏற்றத்தில் ஒரு தடவைகூட நிற்கவில்லை, இரண்டு இடது வளைவில் லாரிக்கு வழிவிட நின்றதைத் தவிர.

அங்கிருந்து பூப்பாறை வரை புதிதாக அகலப்படுத்திய சாலை. மூணாறில் இருந்து போடிமெட்டு வரை இப்போது அப்படித்தான். வழுக்கிக்கொண்டு போகும், அதனாலேயே ஆபத்து. தொண்டிமலை வளைவுகளில் வேகம் நம் கையை விட்டுப் போவது தெரியாது. பூப்பாறையில் நேரே போனால் ஆனையிறங்கல், சின்னக்கானல். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்தது அந்தப் பக்கத்தில்தான். யானைகள் இன்னும் நடமாடும் இடம். விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் சைக்கிளில் போகக் கூடாது. நான் இடதுபுறம் சாந்தன்பாறை சாலையில் திரும்பிவிட்டேன்.

முதல் முறை என்னைக் கொன்ற அந்த நடுப்பகுதியை இந்த முறை காலையின் தெம்போடு கடந்தேன். முக்கால் மணிக்கு ஒரு முறை ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். தண்ணீரில் உப்பும் எலுமிச்சையும். நெடுங்கண்டத்தில் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. வயிறு நிறைந்தால் தூக்குப்பாலம் ஏற்றத்தில் அது தெரியும்.

கம்பம்மெட்டு 1.50. இறங்குவதற்கு முன் பிரேக் கட்டையில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தேன். கைகளை ஹேண்டிலின் கீழ்வளைவில் வைத்து, வளைவுக்கு முன்பே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். நேர்ச்சாலையில் இரண்டு விநாடி பிடித்து, மூன்று விநாடி விட்டு, ரிம்முக்கு மூச்சு விட நேரம் கொடுக்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்குத்தான் மலைச்சாலையில் முன்னுரிமை, அதனால் எதிரே பஸ் தெரிந்தால் நின்றேன். பாதியில் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வெயிலில் விரிந்து கிடந்தது. தென்னந்தோப்பும் நெல்வயலும் திராட்சைப் பந்தலும் தனித்தனி நிறமாகத் தெரிந்தன. நவம்பரில் இதே பாதையில் ஏறும்போது என் கண்ணில் பட்டது முன்சக்கரம் மட்டுமே.

கம்பம் ஊருக்குள் நுழையும்போது 2.35. மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். முதல் ஜீப் இன்னும் இறங்க ஆரம்பிக்கவில்லை.