மூன்றாம் நம்பர் மோட்டார்

ஜூன் 9

ரேஸ் குவாடுக்கான (நான்கு மோட்டார் பந்தய ட்ரோன்) கடைசிப் பார்சலும் வந்தது. பிரேம் 1,450. மோட்டார் நான்கு, ஏற்கெனவே ஓடியவை, 3,200. பறப்பைக் கட்டுப்படுத்தும் ப்ளைட் கன்ட்ரோலரும் மோட்டார் வேகத்தை மாற்றும் ஈஎஸ்சியும் சேர்ந்த ஸ்டாக் 6,100. கேமராவும் வீடியோ டிரான்ஸ்மிட்டரும் 3,300. ரிசீவர் 1,150. ப்ராப் (சுற்றும் இறக்கை) ஒரு செட் 250. ஆக 15,450. பேட்டரி, ஓட்டும் ரேடியோ ரிமோட், வீடியோ பார்க்கும் கண்ணாடி மூன்றும் இரவல். அம்மாவிடம் ஆறாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

பிரேமில் மோட்டார் உட்காரும் கை 5 மில்லிமீட்டர் தடிமன் என்று போட்டிருந்தான். காலிப்பர் வைத்தால் 4. திருப்பி அனுப்பினால் பத்து நாள் போய்விடும். வைத்துக்கொண்டேன்.

ஜூன் 11

அக்கா வந்துவிட்டாள். இனி என் அறை அவளுக்கு. சால்டரிங் புகை ஆகாது என்று நானும் என் டப்பாக்களும் மொட்டைமாடி ஷெட்டுக்கு ஏறிவிட்டோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. எம்3 ஸ்குரூ இருந்த காகிதம் பறந்து, ஏழு ஸ்குரூ மட்டும் திரும்பக் கிடைத்தன.

ஜூன் 14

பேட்டரி வயரில் 35 வோல்ட், 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரை வைத்துச் சால்டர் செய்தேன். அது சுண்டுவிரல் பருமன். எங்கே படுக்க வைத்தாலும் இடிக்கிறது. கடைசியில் கன்ட்ரோலர் பலகை ஓரமாகச் சாய்த்து ஜிப் டை போட்டேன். அசிங்கமாக இருக்கிறது, இருக்கட்டும்.

ஜூன் 15

ப்ராப்பைக் கழற்றாமல் பேட்டரியைச் செருகினேன். மோட்டார் தவறிச் சுற்றியிருந்தால் விரல் போயிருக்கும். எழுதவே கூசுகிறது.

ஜூன் 17

விமான நிலையத்தைச் சுற்றி மேப்பில் பறக்க அனுமதி வேண்டிய மஞ்சள் வட்டம், அதற்குள் நம் தெருவும். அதனால் அன்னூர்ப் பக்கம் சின்னம்மா தோட்டத்துக்குப் போனேன். குவாடு நுழைந்து போகும் கேட் செய்ய இரண்டு மூங்கிலும் அம்மாவின் பழைய சேலையும் எடுத்துப் போனேன். கேட் வரைக்கும் குவாடு போகவே இல்லை.

இடுப்பு உயரம் எழும்பியது. கப்ளர் தேய்ந்த மிக்ஸி மாதிரி ஒரு கரகரப்பு. நாற்பது நொடியில் இறக்கிவிட்டு மோட்டாரைத் தொட்டேன். மூன்று மோட்டார்களில் விரலை வைத்து ஐந்து எண்ண முடிந்தது. பின்பக்கம் இடது, அதாவது மூன்றாம் நம்பரில், இரண்டு எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன்.

கேட்டைப் பிரிக்காமலே வந்துவிட்டேன். சேலை அங்கேயே ஆடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 18

தூக்கம் இல்லை. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்றே யோசனை.

கன்ட்ரோலருக்குள் இருக்கும் ஜைரோ சென்சார் நொடிக்கு 8,000 முறை "எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம்" என்று படிக்கிறது. மோட்டார் ஆட்டத்தில் பலகையும் ஆடினால் அதையும் திரும்புவதாகவே எடுத்துக்கொள்ளும். மோட்டாரைத் திருத்தும் கணக்கில் டி டெர்ம் என்ற பகுதி பார்ப்பது அளவை அல்ல, அளவு மாறும் வேகத்தை. அதனால் கண்ணுக்குத் தெரியாத பொடி ஆட்டம்கூட, வேகமாக ஆடினால், டிக்குப் பூதமாகத் தெரியும். உடனே மோட்டாருக்குக் கூட்டு, குறை, கூட்டு, குறை என்று நொடிக்குப் பல நூறு கட்டளை. அந்த வேகத்துக்கு மோட்டாரால் திரும்பவும் முடியாது. மின்சாரம் எல்லாம் சூடாகத்தான் போகும். அந்தத் திணறலில் ஆட்டம் கூட, கூடிய ஆட்டத்தை ஜைரோ மறுபடி படிக்க... மணி 3.10. கீழே அக்காவும் விழித்திருக்கிறாள், மின்விசிறி வேகத்தை மாற்றும் சத்தம் கேட்டது.

ஜூன் 20

குறுக்குவழியில் போனேன். கன்ட்ரோலர் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டில், வேகமான ஆட்டத்தை வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டர்களின் எல்லை அதிர்வெண்ணை எல்லாம் கீழே இழுத்துவிட்டேன். சத்தம் அடங்கியது, சூடும் குறைந்தது. ஆனால் கேட்டுக்குள் திருப்பினால் வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரி வழுக்குகிறது. தன் காற்றுக்குள்ளேயே இறங்கும்போது தலையை உதறுகிறது. ஃபில்டர் கூடினால் தாமதம் கூடும் என்று எல்லோரும் சொன்னதுதான். ரேஸ் குவாடுக்குத் தாமதத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் என்ன மிச்சம்?

எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன்.

ஜூன் 21

நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பொய்வலி. மாமாவுக்குப் போன் போட்டு, பெங்களூரிலிருந்து கிளம்பியவரைத் திருப்பி அனுப்பினோம்.

ஜூன் 23

பறந்ததைப் பதிவு செய்யும் பிளாக்பாக்ஸ் லாக்கைப் படமாக்கிப் பார்த்தேன். கிடையாக அதிர்வெண், செங்குத்தாகத் த்ராட்டில். த்ராட்டில் ஏற ஏறச் சாய்ந்து போகும் கோடு மோட்டாருடையது. வேகம் கூடினால் அதிர்வெண்ணும் கூடும், நியாயம்தான். ஆனால் 190 ஹெர்ட்ஸில் ஒரு கோடு நேர் நிலைக்குத்தாக நிற்கிறது. எந்த வேகத்திலும் நகரவில்லை. அது மோட்டார் இல்லை, பிரேமே பாடுகிறது. ஆக, வியாதி இரண்டு.

அக்கா ஏறி வந்து பார்த்தாள். ஏறக் கூடாது என்று சொன்னால் கேட்டால்தானே. "உன் மோட்டார் ஓடுனா உள்ள உதைக்குதுடா" என்றாள். மதியம் 2 முதல் 4 வரை மோட்டார் கிடையாது என்று ஒப்பந்தம்.

ஜூன் 24

கணபதியில் சித்தப்பா பட்டறை. முப்பது வருஷமாகப் பம்ப் மோட்டார் கட்டுகிறவர். குவாடை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?" என்றார். ப்ராப்பைக் கழற்றச் சொன்னார். நான் ஒவ்வொரு மோட்டாராகச் சுற்றவிட, நீளத் திருப்புளியின் நுனியைப் பிரேம் கையில் மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கேட்டார். ஒன்று, தலையாட்டினார். இரண்டு, தலையாட்டினார். மூன்று, கண்ணை மூடிக்கொண்டார்.

"பேரிங்கு போயிருச்சு."

என்னையும் கேட்கச் சொன்னார். உலர்ந்த மணலை டப்பாவில் போட்டு உருட்டுகிற மாதிரி இருந்தது. மற்ற மூன்றிலும் வெறும் ரீங்காரம். விற்றவன் "இரண்டே ஃப்ளைட்" என்றான். இரண்டும் தரையில்தான் முடிந்திருக்கும்.

சி-கிளிப்பைக் கழற்றி, மோட்டாரின் சுற்றும் வெளிக்கூடான பெல்லை இழுத்து, பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துப் புதுசு போட்டார். கடுகு பெரிசு கிளிப் தெறித்து லேத்துக்கு அடியில் போய்விட்டது. ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி முக்கால் மணி நேரம் தேடினோம். காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 25

பெல்லுக்குள் காந்தங்களை எண்ணினேன். 14. ஈஎஸ்சியில் ப்ளூஜே என்ற மென்பொருளை ஏற்றி, மோட்டார் வேகத்தைத் திருப்பிச் சொல்லும் இருவழி டீஷாட் போட்டு, ஆர்பிஎம் ஃபில்டரை எழுப்பியாயிற்று. ஒவ்வொரு மோட்டாரும் தன் வேகத்தைச் சொல்ல, அந்த அதிர்வெண்ணை மட்டும் கத்தரிக்கும். வேகக் கணக்கே காந்த எண்ணிக்கையை வைத்துத்தான்; அது தப்பினால் வேறு இடத்தில் வெட்டிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டாம் முறையும் எண்ணினேன். 14.

சாய்ந்த கோடுகள் மங்கிவிட்டன. 190 அப்படியே நிற்கிறது.

ஜூன் 27

ஸ்கேன். இதயத் துடிப்பு 144. நல்லது என்றார்கள். 60-ஆல் வகுத்தால் 2.4 ஹெர்ட்ஸ். வெளியே சொல்லவில்லை.

ஜூன் 28

எல்லா ஸ்குரூவையும் இறுக்கினேன். 190-இன் ஆட்டம் கூடிவிட்டது! இறுக்க இறுக்கக் கூடுகிறது. அம்மா கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை போல.

ஜூன் 30

டாக்டர் குறித்த தேதி. ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோரும் அக்காவைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி இருப்பதுமாக இருக்கிறார்கள்.

சித்தப்பா நலம் விசாரிக்க வந்தவர் மாடிக்கும் வந்தார். கன்ட்ரோலர் பலகைக்கு அடியில் டார்ச் அடித்துச் சிரித்தார். "ரப்பர் வெச்சதே ஆட்டத்தை வாங்கிக்கறதுக்குத்தான். நீ அதை முறுக்கி நசுக்கிக் கொன்னுபோட்ட." பலகையைத் தாங்கும் ரப்பர் குரோமெட் நான்கும் தோசை மாதிரி பிதுங்கிக் கிடந்தன. நட்டைத் தளர்த்தி, ரப்பர் பழைய உருவத்துக்கு வந்த இடத்தில் நிறுத்தினோம். நைலாக் நட் என்பதால் தளர்வாக இருந்தாலும் கழலாது. அப்புறம் அந்தக் கெப்பாசிட்டர். பலகையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ரப்பர் எவ்வளவு தாங்கினாலும் பிரேம் கையின் ஆட்டம் அது வழியாக நேரே ஜைரோவுக்குப் போகும். 14-ஆம் தேதி நானே கட்டியதுதான். வெட்டி எடுத்து, இரண்டங்குல வயர் வைத்துப் பின்னால் தள்ளிக் கட்டினேன்.

ஜூலை 2

காற்று. போகவில்லை.

ஜூலை 3

விடிகாலையில் கிளம்பி அன்னூர். சேலை கிழிந்து ஒரு மூங்கிலில் மட்டும் தொங்குகிறது. அதைச் சுற்றியே ஓட்டினேன். மூன்று பேட்டரி. மோட்டார் நான்கும் ஒரே மாதிரி இளஞ்சூடு, பத்து எண்ணியும் விரல் இருந்தது. ஃபுல் த்ராட்டிலில் கரகரப்பே இல்லை, சீழ்க்கை மட்டும். வீட்டுக்கு வந்ததும் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டேன், சாயங்காலம் இன்னொரு தடவை போகலாம் என்று. லாக் லேப்டாப்பில் இறங்குகிறது. 62 சதவீதம். 190-இல் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுகி

அம்மா கூப்பிடுகிறாள்.

ஜூலை 4

பெண். 2 கிலோ 900. பேட்டரி மூன்றும் நேற்றிலிருந்து முழுச் சார்ஜில் ஷெட்டில் கிடக்கின்றன. மாமா குளிக்க வீட்டுக்குப் போகும்போது, தகரத்துக்கு அடியிலிருந்து நிழலுக்கு எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.