பையில் இரண்டு லென்ஸ்

நவம்பர் 3, திங்கள்

பயணம் கிளம்ப இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. இரவு சாப்பாடு முடிந்ததும் எல்லா லென்ஸையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். 10-18 வைட், 24 பிரைம், 50 பிரைம், 18-135 ஜூம், 55-250 டெலி. எண்கள் எல்லாம் மி.மீ.யில் குவியத் தூரம்: எண் சிறிதானால் காட்சி விரியும், பெரிதானால் தூரத்தில் இருப்பது நெருங்கி வரும். பிரைம் என்றால் ஒரே குவியத் தூரம், மாற்ற முடியாது. பார்க்கப் பார்க்க ஐந்துமே வேண்டும் போல இருக்கிறது. வைட் இல்லாமல் உயரமான கட்டடங்களை என்ன செய்வது? டெலி இல்லாமல் கோபுர உச்சியில் இருக்கும் சிற்பத்தை எப்படி எடுப்பது?

சமையலறைத் தராசைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். 24 வெறும் 125 கிராம். 50க்கு 160. வைட் 240, டெலி 375, ஜூம் 480. கூட்டினால் கேமரா சேராமலே 1 கிலோ 380 கிராம். தண்ணீர் பாட்டில், குடை, அப்பாவின் மருந்துப் பை எல்லாம் இதற்கு மேல்.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனையும் தூக்கிக்கிட்டு எப்படிம்மா நடப்பே?” என்றார். ஐந்து நாளும் அவரோடுதான் நடக்கப் போகிறேன். அவருக்கு முட்டி வலி. நான் லென்ஸ் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அவர் வெயிலில் நின்று காத்திருக்க வேண்டும். அதை நினைத்ததும் கேள்வியே மாறிவிட்டது. எதையெல்லாம் எடுத்துப் போகலாம் என்பதை விட்டுவிட்டு, எது இல்லாமல் முடியாது என்று யோசிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

போன பயணத்தின் படங்களைக் கணினியில் திறந்து உட்கார்ந்தேன். எந்தக் குவியத் தூரத்தில் எடுத்தது என்ற விவரம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகி இருக்கிறது. மொத்தம் 612 படங்கள், எல்லாமே 18-135இல் எடுத்தவை. அதில் 231 படங்கள் சரியாக 18இல். 97 படங்கள் சரியாக 135இல். அதாவது பாதிக்கும் மேல் ஜூம் வளையத்தின் இந்தக் கோடி, இல்லையென்றால் அந்தக் கோடி.

அப்புறம் இன்றைக்கும் திரும்பப் பார்க்கத் தோன்றும் படங்களை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். நாற்பது தேறியது. அதில் 27 படங்கள் 22க்கும் 35க்கும் நடுவே.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த 231 படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் மேலே பாதி வானம், கீழே கால்வாசி சாலை, நடுவில் நான் எடுக்க நினைத்த கட்டடம் சின்னதாக. எல்லாமும் உள்ளே வரட்டும் என்று நின்ற இடத்திலேயே நின்று வளையத்தைக் கடைசிவரை திருப்பியிருக்கிறேன். எல்லாமும் வந்திருக்கிறது, ஆனால் கண் எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை.

லென்ஸ் வாங்கவோ தேர்ந்தெடுக்கவோ யோசிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், விமர்சனங்களைப் படிப்பதற்கு முன்னால் தங்கள் பழைய படங்களை இப்படி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். ஒரு மாலை நேரம் போதும்.

நவம்பர் 8, சனி

இன்றைக்குக் கொஞ்சம் கணக்கு. ஃபிலிம் கேமராவின் பிரேம் 36க்கு 24 மி.மீ. அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 43. குவியத் தூரம் அந்த மூலைவிட்டத்தை ஒட்டி இருந்தால் அதை ‘நார்மல்’ லென்ஸ் என்பார்கள். விரிந்தும் தெரியாது, நெருங்கியும் தெரியாது. 1925இல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தபோது அதில் பொருத்தியிருந்தது 50. அதிலிருந்து பல பத்தாண்டுகள் அந்த 50தான் வழக்கமாக இருந்தது.

என் கேனான் கேமராவில் ஃபிலிமின் இடத்தில் படத்தைப் பதியும் சென்சார் சிறியது, 22.3க்கு 14.9 மி.மீ. மூலைவிட்டம் 27க்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் என் கேமராவுக்கு நார்மல், அந்தச் சின்ன 24தான்! இரண்டு மூலைவிட்டங்களின் விகிதம் 1.6, அதனால் பெருக்கினால் ஃபிலிம் கேமராவில் 38 வைத்ததற்குச் சமம். என்னுடைய 50 இதே கணக்கில் 80 ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட முகப்படம் எடுக்கும் போர்ட்ரெய்ட் லென்ஸ். “ஐம்பது நம் கண் பார்ப்பது போல” என்று கேட்டுக் கேட்டு, சின்ன சென்சார் கேமராவுக்கு அதை வாங்கிவிட்டு, அறைக்குள் சுவர்வரை பின்னால் போயும் ஆள் அடங்கவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். சென்சாரைச் சொல்லாமல் லென்ஸின் எண்ணை மட்டும் சொல்வதில் அர்த்தமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவைப் பரணிலிருந்து இறக்கினேன். 50 லென்ஸ் ஒன்றுதான், கழற்ற முடியாது. தானாக ஃபோகஸ் ஆகாது. லென்ஸ் வளையத்தில் மீட்டர் வெள்ளையிலும் அடி ஆரஞ்சிலும் பொறித்திருக்கிறது. 3 மீட்டர் கோட்டருகே பெயின்ட் தேய்ந்து உலோகம் பளபளக்கிறது. அவர் விரல் அதிகம் நின்ற இடம் அதுதான் போல.

தூரத்தை எப்படிக் கணித்தீர்கள் என்று கேட்டேன். “எட்டு வெச்சுத்தான். முழு ஆளு வேணும்னா கேமராவ நட்டமாப் பிடிச்சு நாலு எட்டு பின்னாடி. இடுப்பு வரைக்கும்னா ரெண்டு” என்றார். எங்கள் வீட்டு ஆல்பம் முழுவதும் அந்த நாலு எட்டில் எடுத்ததுதான். அதனால்தானோ என்னவோ, எந்தப் படத்திலும் யாருடைய முகமும் உப்பித் தெரிவதில்லை.

மாலையில் அவரை மாடியில் நிறுத்திச் சோதித்தேன். 18இல் மிக அருகே போய் ஒரு படம், 50இல் தள்ளி நின்று ஒரு படம், இரண்டிலும் முகம் ஒரே அளவு வரும்படி. முதல் படத்தில் மூக்கு பெரிதாகி, பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி எங்கோ ஓடிவிட்டது. இரண்டாவதில் தொட்டி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. மூன்றாவதாக, 50இல் நின்ற அதே இடத்திலிருந்து 18இல் எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினேன். மூக்கும் தொட்டியும் இரண்டாவது படத்தில் இருந்தது போலவே இருந்தன. லென்ஸ் முகத்தை மாற்றவில்லை, நான் நின்ற தூரம்தான் மாற்றியது. படித்துத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அப்பாவின் மூக்கில் பார்த்தபோதுதான் மனதில் உட்கார்ந்தது.

நவம்பர் 12, புதன்

முடிவு செய்துவிட்டேன். கேமராவில் 24, பையில் 50. ஜூம் பெட்டிக்குள் வரும், ஆனால் அறையிலேயே இருக்கும். வைடும் டெலியும் வீட்டில்.

ஜூம் ஒன்றை மட்டும் எடுத்துப் போவதும் நியாயமான முடிவுதான். மாற்றுகிற வேலையே இல்லை, சென்சாரில் தூசி விழாது. பயணத்தில் படம் எடுப்பது முக்கியமில்லை, நினைவுக்குச் சில போதும் என்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். எனக்கோ அந்த 231 படங்கள் கண்ணிலேயே நிற்கின்றன. தவிர, அந்த ஜூமை நீட்டிவிட்டால் எஃப் 5.6தான் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் துவாரம் பெரிது). 50இல் எஃப் 1.8 வரை திறக்கலாம், ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். மியூசியத்துக்குள் அது பெரிய வித்தியாசம்.

நவம்பர் 14, வெள்ளி

வந்து சேர்ந்தோம். முதல் பாடம் பத்தே நிமிடத்தில். ஏசி அறையிலிருந்து நேரே தெருவுக்கு வந்து கேமராவை எடுத்தால், படம் பால் ஊற்றியது போல இருக்கிறது. லென்ஸின் முன் கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்தேன், மறுபடி படிந்தது. குளிர்ந்த கண்ணாடி வெளிச்சூட்டுக்கு வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது. இருபது நிமிடம் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம், அப்பாவுக்கு அந்த ஓய்வு பிடித்திருந்தது. நாளையிலிருந்து பையின் ஜிப்பைத் திறக்காமல் வெளியே கொண்டுவந்து, அரைமணி கழித்துத்தான் கேமராவை எடுக்க வேண்டும்.

பகல் முழுவதும் பழைய நகரத்துச் சந்துகள். 24 அங்கே சொந்த வீட்டில் இருப்பது போல இருந்தது. சந்தின் அகலம், ஒரு கதவு, கதவருகே ஒரு ஆள், எல்லாம் மூன்று நான்கு எட்டுக்குள் அடங்கிவிடுகிறது. மதியத்துக்குள் பிரேமின் ஓரம் எங்கே வரும் என்று கேமராவைத் தூக்காமலே தெரிய ஆரம்பித்துவிட்டது. ஜூமோடு சுற்றிய நாட்களில் இது எனக்கு வாய்த்ததே இல்லை.

ஓர் உயரமான முகப்பு மட்டும் அடங்கவில்லை. கேமராவை மேலே சாய்த்தேன், கட்டடம் பின்னால் விழுவது போல ஆகிவிட்டது. சென்சாரைச் சாய்த்தால் நேர்க்கோடுகள் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கும். வைட் இருந்திருந்தாலும் சாய்த்துப் பிடித்தால் இதேதான், இன்னும் மோசமாக. தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஒரு படிக்கட்டில் ஏறி, கேமராவை நட்டமாகப் பிடித்து, சாய்க்காமல் எடுத்தேன். தூண்கள் நிமிர்ந்து நின்றன.

நவம்பர் 15, சனி

மியூசியம். ஃப்ளாஷ் கூடாது, ட்ரைபாட் கூடாது. உள்ளே விளக்குகள் மங்கல். வாசலிலேயே, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, 50ஐ மாட்டினேன். இன்றைய பகலில் லென்ஸ் மாற்றியது இந்த ஒரு தடவைதான்.

இந்த 50இல் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி கிடையாது. கையில் பிடிக்கும்போது ஷட்டர் நேரம் நொடியில் குவியத் தூரத்தின் எண்ணில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான கணக்கு. என் சென்சாருக்கு 1.6 மடங்கு சேர்த்து, நொடியில் 80இல் ஒரு பங்குக்கு மேல் ஷட்டரை மெதுவாக்கவில்லை. எஃப் 2, சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 1600. வெண்கலச் சிலை ஒன்றின் விரல்கள் மட்டும் கூர்மையாக, முகம் மெல்லக் கரைந்து போக, ஒரு படம் வந்திருக்கிறது. அந்த விரல்களில் நகம்கூடத் தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள். நேரில் நான் கவனிக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றுக்கு ஒரே வழி, லென்ஸைக் கண்ணாடியை ஒட்டினாற்போல் கொண்டுபோவது. இடைவெளி இல்லையென்றால் பிரதிபலிப்பும் இல்லை. ஆனால் 50க்கு 35 செ.மீ. தூரமாவது வேண்டும், பெட்டியின் முன்வரிசைப் பொருள்கள் பிடிபடவில்லை. விட்டுவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இரவு, மணிக்கூண்டுச் சதுக்கம். திரும்பவும் 24. முதல் சில படங்களில் வானத்தில் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு விளக்குக்கும் நேர் எதிரே, பிரேமின் நடுப்புள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி. லென்ஸைப் பாதுகாக்க மாட்டியிருந்த யூவி ஃபில்டரின் வேலை. பிரகாசமான விளக்கொளி சென்சாரில் பட்டுத் திரும்பி, அந்தத் தட்டைக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வருகிறது. ஃபில்டரைக் கழற்றியதும் புள்ளிகள் போய்விட்டன.

கேமராவை ஒரு கைப்பிடிச் சுவரில் வைத்து, எஃப் 11, எட்டு நொடி, இரண்டு நொடி டைமர். சதுக்கத்தில் நடந்தவர்கள் எல்லோரும் புகையாகிவிட்டார்கள். பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் தெளிவாக இருக்கிறார். 1838இல், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் பாரீஸில் ஒரு தெருவை எடுத்தபோதும் இப்படித்தான் ஆனது. பல நிமிடம் ஒளி பதிய விட்ட எக்ஸ்போஷரில் வண்டிகளும் கூட்டமும் மறைந்துபோக, ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். அந்தப் படத்தை அப்பாவிடம் போனில் காட்டினேன். “முட்டி வலிக்கு ஒரு பிரயோஜனம் கிடைச்சுதே” என்று சந்தோஷப்பட்டார்.

நவம்பர் 17, திங்கள்

இன்று பார்வைக் கோபுரம். காலையில் கிளம்பும்போது யோசித்து, ஜூமை மாட்டிக்கொண்டு இரண்டு பிரைமையும் அறையில் வைத்தேன். மேலே போனால் ஒரு எட்டுகூட முன்னால் வைக்க முடியாது, கம்பித் தடுப்பு. கால் போக முடியாத இடத்தில் ஜூம்தான் சரி. ஆற்றுப் பாலம் 135இல், பின்னால் இருக்கும் குன்று பாலத்தின் மேலேயே உட்கார்ந்தது போல நெருங்கி வந்தது. மதியத்துக்குள் தூரத்தில் புழுதி மூட்டம் ஏறி எல்லாம் வெளிறிவிட்டது. தூரத்துக் காட்சி வேண்டுமென்றால் காலையிலேயே ஏற வேண்டும்.

நேற்றைய மணிக்கூண்டின் உச்சியில் இருந்த சிற்பமும் இன்றுதான் கிடைத்தது. ஒரு பறவை, இறகில் ஒரு விரல் அகலத்துக்கு உடைசல்.

நவம்பர் 18, செவ்வாய்

கடைசி நாள். 24 மட்டும் கேமராவில், பையே இல்லை. பாலத்தின் மேல் அப்பா சொன்னார், “அம்மா, நீ ஒரு படத்துலகூட இல்ல. குடு இப்படி.”

கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். ஃபோகஸ் தானாக ஆகும் என்று சொல்லியும் லென்ஸ் வளையத்தில் எண்களைத் தேடினார். கேமராவை நட்டமாகப் பிடித்தார். அப்புறம் திரும்பிப் பார்த்து, ஆள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நாலு எட்டு பின்னால் போனார். கண்ணை வைத்துப் பார்த்தார். என்னைச் சுற்றி இடம் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்து எடுத்தார்.