வெள்ளிக்கிழமைக் குரல்கள்

18 ஜூன் 2017, ஞாயிறு

ஆரல்வாய்மொழிக் காற்று ஆரம்பித்துவிட்டது. சைக்கிளில் போகும்போது தோவாளையிலிருந்து முதுகைப் பிடித்துத் தள்ளியது. மிதிக்காமலே 35 கிலோமீட்டர் வேகம். முப்பந்தலில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் அதே காற்று நெஞ்சில். 15-ஐத் தாண்டவே உயிர் போனது. இந்த ஊரில் வேகத்தை வைத்துப் பயிற்சியை அளக்க முடியாது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதை விட்டுவிட்டு உடம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கச் சொன்னது நான் வாராவாரம் கேட்கும் சைக்கிள் பயிற்சிப் பாட்காஸ்ட்தான்.

அமெரிக்காவில் இரண்டு பேர் நடத்துகிறார்கள். ஒருவர் கேட்பார், மற்றவர் பயிற்சியாளர், பதில் சொல்வார். அங்கே வியாழன் மாலை வெளியாவது நமக்கு வெள்ளி காலை கிடைக்கும். தக்கலைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் பாதி, திரும்பும்போது மீதி. கேட்பவர்கள் அனுப்பும் கடிதங்கள்தான் நிகழ்ச்சியே. இந்த வாரம் ஒரே ஒரு கடிதம், முக்கால் மணி நேரப் பதில். பவர் மீட்டர் (மிதிக்கும் பலத்தை வாட்டில் காட்டும் கருவி) இல்லாதவர் தன் எல்லையை, அதாவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச உழைப்பை, எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி. தனியாக, முழு மூச்சாக 30 நிமிடம் ஓட்டு. கடைசி 20 நிமிட இதயத் துடிப்பின் சராசரியை எடு. முதல் 10 நிமிடத்தை ஏன் விட வேண்டும்? அப்போது கால் முழு வேலையில் இருக்கும், துடிப்பு இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் அந்த ‘ஏன்’ வரை வந்தார். தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறை ஏறும் ரோட்டில் அடுத்த வாரம் செய்து பார்க்கப் போகிறேன்.

7 டிசம்பர் 2017, வியாழன்

ஒக்கிப் புயல் அடித்து ஒரு வாரம். இன்னும் கரண்ட் வரவில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்கள் ரோட்டின் குறுக்கே வரிசையாகக் கிடக்கின்றன. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் கடலுக்குப் போனவர்களைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. லேபில் கூட வேலை பார்க்கும் பெண்ணின் மாமா அதில் ஒருவர். சைக்கிளையும் தொடவில்லை, எதையும் கேட்கவில்லை.

5 ஆகஸ்ட் 2018, ஞாயிறு

இந்த வருடம் நிகழ்ச்சியில் எடையைப் பற்றிய பேச்சு அதிகம். ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்ற கணக்கு வாரா வாரம் வருகிறது. ஏற்றத்தில் அந்தக் கணக்கு உண்மைதான். புவியீர்ப்புக்கு யாரும் விதிவிலக்கில்லை. ஆனால் பேச்சு மெல்ல மெல்லத் தட்டுக்குப் போய்விட்டது. காலையில் வெறும் வயிற்றில் ஓட்டினால் கொழுப்பு எரியும் என்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் தண்ணீர் போதுமாம்.

நாகர்கோவில் குழுவில் எல்லோரும் இப்போது இப்படித்தான். கட்டன் சாயா குடித்துவிட்டு பேச்சிப்பாறை போய் வருகிறார்கள். குழுவில் மூத்த அண்ணாச்சி மட்டும் வடசேரியில் நிறுத்தி இரண்டு ஏத்தன்பழம் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். “நீங்க அமெரிக்காக்காரன் சொன்னத கேளுங்க, நான் எங்கம்மை சொன்னத கேக்கேன்” என்பார்.

அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். “மக்கா, கண்ணுக்குக் கீழ கருத்துப் போச்சே. ரெண்டு துண்டு கிழங்காவது தின்னுட்டுப் போ.”

17 ஏப்ரல் 2020, வெள்ளி

ஊரடங்கு. லேப் மட்டும் திறந்திருக்கிறது. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள் டிரெயினரில் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) ஏறுகிறேன். டேபிள் ஃபேன் முழு வேகத்தில், கீழே பழைய பாய். முக்கால் மணி நேரத்தில் பாய் நனைந்துவிடுகிறது.

உலகம் முழுக்க எல்லோரும் வீட்டுக்குள் மிதிப்பதால் நிகழ்ச்சிக்கு ஏகப்பட்ட புதியவர்கள். இப்போது கேமராவும் வந்துவிட்டது. பந்தயங்களில் ஓட்டிய ஒரு பெண் மூன்றாவது ஆளாகச் சேர்ந்திருக்கிறார். அவர் பேசும்போது மற்ற இருவரும் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நிகழ்ச்சி இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. இந்த நாட்களில் அந்த நீளம் பெரிய ஆறுதல். வெளியில் போலீஸ் ஜீப் சத்தம் தவிர வேறு சத்தமில்லாத சாயங்காலத்தில், நான்கு பேர் இருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

14 பிப்ரவரி 2021, ஞாயிறு

போன செப்டம்பரில் லா பிளான்ஷ் டே பெல் ஃபீய் மலையில் பொகாச்சார் ஒரே நாளில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ரோக்லிச்சிடமிருந்து பறித்தார் இல்லையா, அதிலிருந்து பயிற்சி உலகமே அவருடைய பயிற்சியாளர் இனிகோ சான் மியான் பின்னால் போகிறது. ஜோன் 2, ஜோன் 2, வேறு பேச்சே இல்லை. பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம். தசைக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும், கொழுப்பை எரிக்கும் திறன் கூடும், கடினமாக உழைக்கும்போது தசையில் சேரும் லாக்டேட்டை உடம்பு எரிபொருளாக எடுத்துக்கொள்ளப் பழகும்.

நம் நிகழ்ச்சி பல வருடமாகச் சொன்னது வேறு. எல்லை வாட்டில் 88 முதல் 94 சதவீதம் வரை, ‘ஸ்வீட் ஸ்பாட்’. நேரமில்லாதவர்களுக்கு அதுதான் லாபம் என்று வகுப்பே எடுத்தார்கள். இந்த வாரம் அதைத் திரும்ப எடுத்துப் பிரித்துப் போட்டார்கள். நார்வேயில் ஸ்டீஃபன் சைலர் முன்னணி வீரர்களின் பயிற்சியைப் பார்த்து, 10-இல் 8 நாள் மெதுவாகத்தான் போகிறார்கள் என்று எழுதியதிலிருந்து தொடங்கினார்கள். அப்புறம் பயிற்சியாளர் நேராகக் கேட்டார்: வாரத்துக்கு 25 மணி நேரம் ஓட்டுகிறவனின் 80 சதவீதமும் 6 மணி நேரம் ஓட்டுகிறவனின் 80 சதவீதமும் ஒன்றா? அவனுக்கு 20 மணி நேரம் மெதுவாகப் போகக் கிடைக்கிறது. உனக்கு 5 மணி நேரம்கூட இல்லை. விகிதத்தைக் காப்பியடித்தால் அளவு வந்துவிடுமா?

முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கடினம், மற்ற நாள் உண்மையிலேயே மெதுவாக, நடுவில் எவ்வளவு என்பது உன் நேரத்தைப் பொறுத்தது என்று நிறுத்திக்கொண்டார். இப்படி யோசிப்பதைக் காதுக்குள் கேட்கக் கிடைப்பதற்காகத்தான் நான் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.

1 ஆகஸ்ட் 2022, திங்கள்

நேற்று பெண்கள் டூர் டி பிரான்ஸ் முடிந்தது. அதே பெல் ஃபீய் மலை உச்சி. அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் தனியாக வந்து ஜெயித்தார். பொகாச்சார் அன்று மஞ்சள் சட்டையைப் பறித்த மலையில் ஒரு பெண் அதை உடுத்தி நின்றதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

இந்த வார நிகழ்ச்சி முழுக்க அந்தப் பெண் வீராங்கனை நடத்தினார். கூட ஒரு மருத்துவர். உடம்பு செலவழிப்பதற்குப் போதுமான சாப்பாடு கிடைக்காதபோது என்னென்ன நின்றுபோகும் என்று வரிசையாகச் சொன்னார்கள். முதலில் மாதவிடாய். பிறகு எலும்பு. பிறகு தூக்கம், மனசு, வாட். இதற்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே ஒரு பெயர் வைத்துவிட்டது. அதன்படி இது பெண்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. பல ஆய்வுகளில் ஓட்டியவர்கள் ஆண்கள் மட்டும்தான், அந்த எண்களைப் பெண்களுக்கு அப்படியே போட்டோம் என்று அந்த மருத்துவர் சொன்னபோது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

நான் லேப் டெக்னீஷியன். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தால் ரிப்போர்ட்டில் அடிக்கோடு விழாது, வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கலாம். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அவர்கள் சொன்னதும் அதுதான்: களைப்பு என்றால் ஃபெரிட்டினைக் கேள். இன்று மதியம் என் சாம்பிளையே ஓட்டினேன். 11 வந்தது. மெஷினில் கோளாறோ என்று இன்னொரு முறை ஓட்டினேன். 11-தான்.

2018-இல் வெறும் வயிற்றுக்குப் பரிந்து பேசிய அதே பயிற்சியாளர், நிகழ்ச்சியின் கடைசியில் மைக்கைப் பக்கத்தில் இழுத்து, “எடையைப் பற்றி இங்கே நாங்கள் பேசிய விதத்தில் இனிமேல் பேசமாட்டோம்” என்றார். பழைய நிகழ்ச்சிகளின் குறிப்பிலும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “பழம் வாங்கித் தரட்டா?” என்று மட்டும் கேட்டார்.

8 அக்டோபர் 2023, ஞாயிறு

இப்போது நிகழ்ச்சியில் எல்லாமே தின்பது பற்றி. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து போதும் என்றிருந்தது 90 ஆனது, இப்போது 120. குளுக்கோஸ் குடலில் ஏறும் வழி மணிக்கு ஏறக்குறைய 60 கிராமில் நிறைந்துவிடும். ஃபிரக்டோஸ் வேறு வழியாகப் போகும். இரண்டையும் கலந்தால் இரண்டு வழியும் வேலை செய்யும். இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது: வீட்டுச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான்.

நிகழ்ச்சியின் நடுவில் இப்போது ஜெல் (ஓட்டும்போது உறிஞ்சும் மாவுச்சத்துக் கூழ்) விளம்பரம் வருகிறது, அதைச் சொல்வதும் அதே குரல்கள்தான். அந்த விலைக்கு நான் வாங்கப்போவதில்லை. தராசில் 60 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சை, 600 மில்லி தண்ணீர். இதுதான் என் பாட்டில். கூடவே சட்டைப் பையில் மட்டிப்பழம். இந்த வருடம் நம் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சைக்கிள்காரனுக்காகவே காய்த்த பழம்: விரல் நீளம், மெல்லிய தோல், ஒரு கையால் உரித்து இரண்டு கடியில் முடிக்கலாம். இன்று மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, குலசேகரம் என்று சுற்றி வந்தேன். திரும்பும்போது வில்லுக்குறி ஏற்றத்தில் கால் கனக்கவே இல்லை. ஃபெரிட்டின் இப்போது 46.

15 நவம்பர் 2024, வெள்ளி

அவர் போய்விட்டார். பழைய பயிற்சியாளரை ஆறேழு வாரமாகக் காணவில்லை, விடுமுறை என்று நினைத்தேன். இன்று யாரோ கேட்டிருக்கிறார்கள். “அவர் இப்போது எங்களோடு இல்லை, நன்றாக இருக்கட்டும்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இத்தனை வருடம் காதுக்குள் பேசியவருக்கு ஒரு வழியனுப்பு இல்லை. மனசு கேட்கவில்லை.

நிகழ்ச்சியும் மாறிவிட்டது. நாற்பது நிமிடம்தான். தலைப்புகள் கத்துகின்றன: ‘இதைச் செய்தால் 20 வாட் கூடும்’, ‘எல்லோரும் செய்யும் தவறு’. பெரிய வீரர்கள் விருந்தினராக வருகிறார்கள், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பொகாச்சார் 165 மில்லிமீட்டருக்கு வந்தது முதல் எல்லோரும் கிராங்கை மாற்றுகிறார்கள். நாளைக்கு என்ன பயிற்சி என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்கிறார்கள். சொல்லட்டும், வசதிதான். ஆனால் ஏன் அந்தப் பயிற்சி என்று அது சொல்லாது. கடிதங்கள் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டன. பால் போடுகிறவரும், நைட் ஷிஃப்ட் நர்சும், அறுபது வயதில் ஆரம்பித்தவரும் எழுதிய கடிதங்கள்தான் இந்த நிகழ்ச்சியை வளர்த்தன. அவர்களை ஓரத்தில் நிறுத்தியது நியாயமே இல்லை.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் இன்றைய நிகழ்ச்சி பழையதைவிட ஆயிரம் மடங்கு மேல். அதையும் சொல்ல வேண்டும்.

20 ஏப்ரல் 2025, ஞாயிறு

லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் சைக்கிள் வாங்கியிருக்கிறாள். “அக்கா, எதுலேருந்து கேக்க ஆரம்பிக்கட்டும்?” என்றாள். பழைய நிகழ்ச்சிகளில் இன்டர்வெல் (விட்டுவிட்டுக் கடினமாக மிதிக்கும் பயிற்சி), இதயத் துடிப்பு, ஓய்வு பற்றியவை எல்லாம் கேள் என்றேன். 2018, 2019-இல் சாப்பாடு, எடை என்று தலைப்பில் இருப்பதைத் தொடாதே. 2022 ஜூலையில் வந்ததை முதலில் கேள், உன் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வை. எழுதிக்கொண்டாள்.

4 மே 2025, ஞாயிறு

இப்போதைய மோகம் வெப்பப் பயிற்சி. நார்வேயில் வெப்ப உடுப்பை மாட்டிக்கொண்டு 5 வாரம் ஓட்டினால் உடம்பின் மொத்த ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடுகிறது என்று ரோனெஸ்டாட் குழு காட்டியிருக்கிறது. ஓட்டி முடித்ததும் 40 டிகிரித் தண்ணீரில் உட்காருகிறார்கள். நான் ஒரு கடிதம் போட்டிருந்தேன்: வருடம் முழுக்கக் கடலோரத்தில் வியர்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கு இதில் மிச்சம் லாபம் உண்டா?

இந்த வாரம் படித்தார்கள். கன்னியாகுமரி என்ற பெயரைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னார் புதியவர். “நீங்கள் ஏற்கனவே பழகியிருப்பீர்கள், கொடுத்து வைத்தவர்!” அவ்வளவுதான் பதில். ஒரு நிமிடம்கூட இல்லை.

பழையவர் இருந்தால் இங்கிருந்துதான் ஆரம்பித்திருப்பார். பழகிய உடம்பில் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, கூடியிருக்கும், வியர்வை சீக்கிரம் வரும், அது சரி. ஆனால் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டி விழுகிறது. சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அப்போது இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், காலுக்கும் அனுப்ப வேண்டும். அதே துடிப்பில் வாட் விழும். வாட் விழுந்தால் காலுக்குக் கிடைக்கும் பயிற்சியும் குறையும். ஆகவே நமக்கு வேண்டியது இன்னும் சூடு இல்லை, கடினமான நாட்களிலாவது குளிர்ச்சி. மெதுவான நாளை வெயிலுக்கு விடலாம்.

செய்து பார்க்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் இன்டர்வெல் விடியற்காலை ஐந்து மணிக்கு, இரண்டு ஃபேன் வைத்து டிரெயினரில். மெதுவான ஓட்டம் சாயங்காலம் முட்டம் கடற்கரை ரோட்டில். துடிப்பையும் வாட்டையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வருகிறேன். லேப் பெண்ணும் அவளுடைய எண்களைத் தருகிறேன் என்றிருக்கிறாள். ஆனி பிறப்பதற்குள் இரண்டையும் சேர்த்து ஒரு கடிதமாக எழுதி, இந்த முறை அந்தப் பழைய பயிற்சியாளருக்கே அனுப்புவேன். அவர் இப்போது எங்கே இருந்தாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.