‘நான்’ என்று சொல்கிற வேலை

“செக்பொயின்ற்றை எப்படித் தாண்டினீர்கள்?” என்று ஆஸ்திரேலியக் குடிவரவு அதிகாரி கேட்டார்.

“முருகன்தான் என்னைக் காப்பாத்தினவர்” என்றார் எதிரே இருந்தவர், புகலிடம் கேட்டு வந்த இலங்கைத் தமிழர். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி தட்டச்சு செய்துகொண்டே, “முருகனின் முழுப் பெயர் என்ன? இப்போதும் இலங்கையில்தான் இருக்கிறாரா?” என்றார்.

சிரிக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் தன் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. விளக்கம் சொல்ல வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். அதையும் ‘நான்’ என்று சொல்லிக் கேட்கக் கூடாது; அந்த அறையில் ‘நான்’ என்பது எதிரே இருப்பவருக்குச் சொந்தம். “மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறார்” என்று என்னைப் பற்றி நானே அடுத்த வீட்டுக்காரி மாதிரி பேசி, முருகன் கடவுள் என்றேன். அதிகாரி மன்னிப்புக் கேட்டார், நல்ல மனிதர்தான். அப்புறம் பேக்ஸ்பேஸ் பட்டனைத் தட்டும் சத்தம் ஏழெட்டுத் தடவை கேட்டது. வாக்குமூலத்திலிருந்து முருகன் போய்விட்டார்.

இது யாருடைய கதை என்று தேட வேண்டாம். முருகனும் பிள்ளையாரும் மாதாவும் காப்பாற்றியதாகச் சொன்னவர்களை எண்ணி மாளாது. மற்றபடி, அந்த அறையில் கேட்ட எதையும் வெளியே சொல்வதில்லை என்பதும் எங்கள் விதி.

நான் பாளையங்கோட்டைக்காரி. சி.எஸ்.ஐ. குடும்பம். கணவரின் வேலைக்காக சிட்னிக்கு வந்து, நாட்டி (NAATI) என்ற மொழிபெயர்ப்பாளர் தேர்வு எழுதி, இந்தத் தொழிலுக்குள் நுழைந்தேன். தமிழ் தெரியும் என்ற தைரியம் முதல் வாரத்திலேயே போய்விட்டது. “விடிய வெளிக்கிட்டனான்” என்றால் காலையில் கிளம்பினேன் என்று பொருள். அவர் எதையோ வெளியே போட்டார் என்று நான் நினைத்துத் திருதிருவென்று விழித்தேன். போகப் போகப் பழகிவிட்டது. பழகாதது அந்த ‘நான்’தான். “என்னை ஆமி பிடிச்சது” என்று அவர் சொன்னால் நானும் என்னைப் பிடித்ததாகத்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதும் அந்த வாக்கியம் வாயில் நிற்கும்.

அந்த வருடங்களில் இங்கே அரசியல் முழுக்கப் புகலிடம் தேடி வந்த படகுகளைப் பற்றித்தான். எனக்கு வியப்பு, அதை நடத்தியவர்களில் எத்தனை பேர் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பது. பின்னால் பிரதமரான டோனி அபாட் ஒரு காலத்தில் பாதிரியாராகப் படித்தவர். 2012 ஜூலையில், எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, பின்வாசல் வழியாக வருவது அவ்வளவு கிறிஸ்தவத்தனமான காரியமில்லை என்று வானொலியில் சொன்னார். கெவின் ரட் 2006இல் விசுவாசமும் அரசியலும் பற்றி எழுதிய கட்டுரையில் நல்ல சமாரியனைக் காட்டி, அந்நியரைக் கவனிப்பது வேதம் இடும் கட்டளை என்றார். அதே ரட்தான், 2013 ஜூலை 19 அன்று, பிரதமராக, விசா இல்லாமல் படகில் வரும் ஒருவருக்கும் ஆஸ்திரேலியாவில் குடியேற இடமில்லை என்று அறிவித்தார். ஸ்காட் மொரிசன் 2008இல் நாடாளுமன்றத்தில் செய்த முதல் பேச்சிலேயே எரேமியாவிலிருந்து கிருபை, நியாயம், நீதி என்று எடுத்துச் சொன்னவர். ஐந்து வருடம் கழித்துப் படகுகளைத் திருப்பி அனுப்பும் திட்டத்தின் அமைச்சர் அவர்தான். வேதாகமம் கொள்கைக் கையேடு இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் பொய் பக்தி காட்டினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அப்படி இருந்திருந்தால் யோசிக்க வேண்டிய வேலையே மிச்சம்.

அந்தப் பக்கத்து வாதங்களில் ஒன்றை மட்டும் என்னால் தள்ள முடிந்ததில்லை. 2010 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவுப் பாறைகளில் அப்படியொரு படகு மோதி ஐம்பது பேர் இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். படகை நிறுத்தினால் இப்படிச் சாகமாட்டார்கள் என்பதும் இரக்கம்தானே? சரி, இருக்கட்டும். ஆனால் செத்துப் பிழைத்துக் கரையேறியவரை நவ்ரு என்ற பசிபிக் தீவு நாட்டு முகாமில் வருடக்கணக்கில் வைத்ததில் என்ன இரக்கம் என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்கிறவர்களைப் பார்த்ததில்லை.

எங்கள் சபையில் இந்தப் பேச்சு ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்தில்தான் வரும். எண்பதுகளில் இன்ஜினியராக வந்த ஓர் அங்கிள் சொல்வார்: “நாம எல்லாம் வரிசையில நின்னு வந்தவங்கம்மா. இவங்க மட்டும் நடுவுல நுழையலாமா?” சிட்னி முருகன் கோயில் வளாகத்திலும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். நம்மவர்களிடம் எந்த வசனத்தையும்விட இந்த வரிசைக்குத்தான் வலிமை அதிகம். நான் மறுத்துப் பேசியதில்லை. எங்கள் விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில் நானும் இதையே சொல்லியிருக்கிறேன். வன்னியில் 2009இல் எந்தக் கவுன்டரில் வரிசை நின்றது என்ற கேள்வி எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

2014 மார்ச்சில் சில கிறிஸ்தவ ஊழியர்கள் மொரிசனின் தொகுதி அலுவலகத்தில் உட்கார்ந்து, தடுப்பு முகாமிலுள்ள பிள்ளைகளுக்காக ஜெபித்து, எழுந்திருக்க மறுத்துக் கைதானார்கள். அதன் பிறகு பல ஊர்களில் போதகர்களும் கன்னியாஸ்திரிகளும் இப்படியே உட்கார்ந்தார்கள். 2016 பிப்ரவரியில், புகலிடம் கேட்டிருந்த 267 பேரை நவ்ருவுக்குத் திருப்பி அனுப்பலாம் என்ற நிலை வந்தபோது, பிரிஸ்பேனின் புனித யோவான் பேராலயம் அவர்களுக்குத் தன் கதவைத் திறப்பதாகச் சொன்னது. பழைய காலத்து அடைக்கல உரிமை. “தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்” என்று சின்ன வயதில் ஒப்பித்த அதே அடைக்கலம். அரசாங்கத்தின் படிவத்தில் அந்தச் சொல் வராது. அங்கே ‘புகலிடக் கோரிக்கையாளர்’. ஒப்பிக்கவே மூச்சு வாங்கும்.

நான் எதிலும் போய் உட்காரவில்லை. மொழிபெயர்ப்பாளர் நடுநிலை தவறக் கூடாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம்தான். வசதியான காரணமும்கூட.

ஒரு ஞாயிறு, வேத வாசிப்பு என் முறை. மத்தேயு 25. “அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்” என்ற இடத்தில் குரல் இடறியது. பயம், அழுகை ஒன்றுமில்லை, பழக்கதோஷம். இன்னொருவர் சொன்ன ‘நான்’ அது. வாரம் முழுக்கச் செய்கிற வேலை. அடுத்து அதிகாரி கேள்வி கேட்பார் என்பதுபோல ஒரு கணம் காத்திருந்துவிட்டேன். சபையார் நான் வரியைத் தவறவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

2023 பிப்ரவரியில், தற்காலிக விசாவில் பத்து வருடமாக இழுபட்ட ஏறக்குறைய 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. அடுத்த ஞாயிறு அந்த அங்கிள் டீ கப்போடு என்னைத் தேடி வந்தார். அவர் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் போட்ட பையன் ஒருவன், படகில் வந்தவன், இந்தப் பட்டியலில் இல்லையாம். அவன் கேஸ் முன்பே நிராகரிக்கப்பட்டதாம். மறுபரிசீலனையும் அவனை நேரில் கூப்பிடாமல் காகிதத்தை வைத்தே முடிந்ததாம். பிரிட்ஜிங் விசா என்கிற இடைக்கால விசாவில் இருக்கிறானாம்.

“அவன் சொன்னதைக்கூடச் சரியாக் கேக்கலியேம்மா. இது நியாயமா?”

எனக்குத் தெரிந்த இலவசச் சட்ட உதவி மையத்தின் எண்ணைச் சபை அறிக்கைத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லக் கூடாது. வாயில் வந்துவிட்டது, கேட்டேன்: “அங்கிள், அவனும் வரிசையில நிக்காம வந்தவன்தானே?”

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அவன் வேறம்மா” என்றார். “மத்தவங்க விஷயம் வேற.”