ஒரு சிற்றிதழுக்குச் சந்தா தளம் அமைத்த அனுபவம்

எங்கள் ஊரிலிருந்து வரும் ஒரு காலாண்டிதழுக்கு இணையத்தில் சந்தா வசதி செய்து கொடுத்தேன். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் இதழ் இல்லை, ஆசிரியர்தான் எல்லாம். ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டு வாட்ஸப்பில் ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களின் பெயரை அவர் ராத்திரி உட்கார்ந்து ஒரு நீளமான நோட்டில் ஏற்றுவார். அந்த வேலை ஒழிய வேண்டும், மாதா மாதம் எந்தச் சேவைக்கும் பெரிய தொகை கட்டக் கூடாது, சந்தாதாரர் பட்டியல் நம் கையிலேயே இருக்க வேண்டும். இதனால்தான் மூலநிரல் திறந்திருக்கும், நாமே எடுத்து நடத்திக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள் என்று முடிவு செய்தோம்.

முதலில் பார்த்தது கோஸ்ட் என்ற பதிப்பு மென்பொருள். 2019இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே உறுப்பினர், சந்தா எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, எழுதும் திரையும் அவ்வளவு சுத்தம். ஆனால் பணம் வாங்க அது நம்பியிருப்பது ஸ்ட்ரைப் என்ற பணப் பரிவர்த்தனை நிறுவனத்தை. ஸ்ட்ரைப்போ இந்தியாவில் 2024 முதல் அழைப்பு கிடைத்தவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்கு தருகிறது, நம் வாசகர்களோ யுபிஐக்குப் பழகியவர்கள். மனசில்லாமல்தான் ஒதுக்கினேன். அப்புறம் தளத்துக்கு வேர்ட்பிரஸ், அதன்மேல் ஏற்றும் செருகுநிரல்களாக உறுப்பினர் வேலைக்குப் பெய்டு மெம்பர்ஷிப்ஸ் புரோ, பணம் வாங்க வூகாமர்ஸ், இரண்டையும் கோக்க ஒரு இலவச இணைப்பு. நிறுவுவதும், இந்தப் பகுப்பில் உள்ள கட்டுரைகள் சந்தாதாரருக்கு மட்டும் என்று பூட்டுவதும் ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

பணம்தான் விஷயமே. வாசகர் கட்டும் பணத்தை நம் வங்கிக் கணக்கில் சேர்க்கும் பேமெண்ட் கேட்வே சேவைக்கு விண்ணப்பித்தால் பான், வங்கிக் கணக்கு விவரங்களோடு, தளத்தில் விதிமுறைகள், தனியுரிமை, பணம் திருப்பித் தரும் கொள்கை, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். இவற்றை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள், ஆங்கிலத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அடுத்து, சந்தா தானாகவே புதுப்பிக்கப்பட வேண்டுமா என்ற கேள்வி. இங்கே 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி கறாராக இருக்கிறது: வாசகர் முதலில் ஓடிபி போட்டு ஒப்புதல் தர வேண்டும், ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பே அவருக்குத் தகவல் போக வேண்டும். வாசகருக்குப் பாதுகாப்பான, நல்ல விதி. யுபிஐ ஆட்டோபேயும் இருக்கிறது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை சில நூறு ரூபாய் கட்டுகிறவரிடம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கேட்டால் தயங்கத்தான் செய்வார். ஆசிரியரிடம் கேட்டேன். "தம்பி, நம்ம ஆளுங்க கேட்டா தருவாங்க, கேக்காம எடுத்தா கோவிச்சுக்குவாங்க" என்றார். சரி என்று ஒருமுறைக் கட்டணம், ஓராண்டு செல்லுபடி, முடிவதற்கு முன் ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் என்று வைத்தோம். சிறு இதழ் எதுவானாலும் இதையேதான் பரிந்துரைப்பேன்.

மெனக்கெட்டுச் சோதிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வாசகர் போனில் பணம் கட்டுகிறார், ஜிபே திறக்கிறது, பின் நம்பர் போடுகிறார், பச்சை டிக் வந்ததும் போனைப் பையில் போட்டுவிடுகிறார். தளத்துக்குத் திரும்பி வரவே இல்லை. பணம் வந்தது தளத்துக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் வெப்ஹுக்: கேட்வேயின் சர்வரே நம் சர்வரைக் கூப்பிட்டு இன்ன ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது என்று சொல்லும். ஒரு ரூபாய்க்குச் சந்தா ஒன்று வைத்து, நிஜமாகவே கட்டி, டிக் வந்ததும் உலாவியை மூடிவிட்டுப் பாருங்கள். பணம் வந்த பிறகும் வூகாமர்ஸில் ஆர்டர் 'பிராசஸிங்' என்றே நிற்கலாம், 'கம்ப்ளீட்டட்' ஆனால்தான் பூட்டு திறக்கும். அது பார்சல் அனுப்புவதற்காகக் காத்திருக்கிறது! சந்தாவை 'விர்ச்சுவல்', 'டவுன்லோடபிள்' என்று இரண்டாகவும் குறித்துவிட்டால் தானாக முடித்துக்கொள்ளும்.

தமிழில் நடத்துகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. தலைப்பைத் தமிழில் கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதையே கட்டுரையின் இணைய முகவரியாகவும் எடுத்துக்கொள்ளும், ஆனால் தரவுத்தளத்தில் அதற்கு இருக்கும் இடம் 200 எழுத்துதான். 'க' ஒன்றே விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்துமாக மாறி ஒன்பது இடம் பிடிக்கும். 'கி' என்றால் இகரக் குறி தனியாகக் கணக்காகிப் பதினெட்டு. மூன்று நான்கு சொல் தாண்டினாலே முகவரி நடுவில் வெட்டுப்படும், வாட்ஸப்பில் பகிர்ந்தால் பார்க்கச் சகிக்காது. ஒவ்வொரு கட்டுரைக்கும் குட்டியாக ஆங்கில எழுத்தில் கையால் முகவரி கொடுங்கள்.

பூட்டு விஷயத்திலும் கவனம். கட்டுரையைப் பூட்டினால் அதில் இணைத்த பிடிஎஃப் பூட்டப்படுவதில்லை, நேரடி முகவரி கிடைத்தால் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். முழு இதழையும் பிடிஎஃபாகத் தருகிறவர்களுக்கு இது பெரிய ஓட்டை. கோப்புகளை இணையத்துக்குத் தெரியாத கோப்புறையில் வைத்து, உறுப்பினர்தானா என்று சரிபார்த்த பிறகு கொடுக்கிற மாதிரி அமைத்தேன். தளம் வேகமாகத் திறக்கப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் கேஷ் போடுகிறவர்கள் லாகின் செய்தவர் பார்க்கும் பக்கங்களை அதிலிருந்து விலக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தாதாரர் பார்த்த பக்கம் அடுத்து வருகிறவருக்கும் போய்விடும்.

நினைவூட்டல் மின்னஞ்சலுக்கு வேர்ட்பிரஸின் உள் கடிகாரத்தை நம்பக் கூடாது, யாராவது தளத்துக்கு வந்தால்தான் அது ஓடும். குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் சர்வரின் கிரானில் போட்டுவிட்டேன்.

வெளிநாட்டு அட்டைகளுக்குக் கேட்வேயில் தனி அனுமதி வேண்டும், அதற்கு விண்ணப்பித்திருக்கிறோம். இப்போதைக்கு டொராண்டோவில் இருக்கும் வாசகருக்காகச் சென்னையில் இருக்கும் அவர் தங்கை கட்டுகிறார், நான் அண்ணன் பெயரில் கணக்கைக் கையால் திறந்து விடுகிறேன்.